கழிவுநீர்க் குளங்களில் வைரஸ் கிருமிகள் குறையும் வகை

பட்டணங்களுக்கு அருகாமையிலுள்ள விவசாயிகளுக்குச் சாக்கடை ஜலத்தின் அருமையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மழை பொய்த்த வருஷத்திலும் அது வற்றுவதில்லை. தழைச்சத்தும் மணிச்சத்தும் அதனுடன் விலையின்றி வருகின்றன. ஆனால் நோய்க் கிருமிகளும் அதனுடனேயே வருகின்றன. ஆகவே அந்த ஜலத்தைக் குளங்களில் தேக்கிப் பதப்படுத்திய பின்னரே வயலுக்குப் பாய்ச்சுதல் முறையாகும். இக்குளங்களில் குடற்புழுக்களின் முட்டைகள் அடியில் படிவதும், பாக்டீரியா என்னும் கிருமிகள் மடிவதும் பலரும் கேட்டறிந்த விஷயங்களே. அவற்றினும் மிகச் சிறியவையான வைரஸ் கிருமிகளைப் பற்றியோ தவறான எண்ணங்கள் பரவியிருக்கின்றன. பாக்டீரியா மடிந்தால் வைரஸும் உடன் மடிந்திருக்கும் என்பது அவற்றுள் முதன்மையானது. அது சரியன்று என்பதை நமது தேசம் ஒரு பெருந்துன்பத்தின் வாயிலாகவே கண்டுகொண்டது.

1955 ஆம் வருஷத்தின் பிற்பகுதியில், டில்லி மாநகரின் குடிஜலத்திற்காக நீரெடுக்கும் வஜீராபாத்தில் யமுனை நதியின் போக்கு மாறியது. அதனால் நஜப்கர் என்னும் பெரிய சாக்கடை வாய்க்காலின் ஜலம் பின்னோக்கி வந்து நீரெடுக்கும் இடத்தை அடைந்துவிட்டது. ஜல விநியோக அதிகாரிகள் இதையுணர்ந்து குளோரின் மருந்தை வழக்கத்திற்கு மேல் சேர்த்தனர். அதன் பயனாக, அசுத்த ஜலத்தால் பரவும் டைபாய்டு ஜுரமும் சீதபேதியும் நகரில் அதிகப்படவில்லை. ஆயினும் டிசம்பர் மாதம் தொடங்கி 1956 ஜனவரிக்குள் சுமார் 29,000 பேர் மஞ்சட்காமாலையால் பீடிக்கப்பட்டனர். கர்ப்ப ஸ்திரீகளிடத்து அந்நோய் மிகவும் கொடியதாயிருந்தது. பல வருஷங்கள் கழித்து, அக்காலத்து நோயாளிகளிடமிருந்து எடுத்துச் சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைச் சோதித்ததன் மூலம், இப்பொழுது ஹெபடைடிஸ் ஈ என்று வழங்கும் வைரஸே அதற்குக் காரணம் என்பது விளங்கிற்று. பாக்டீரியாவைக் கொல்வதற்குப் போதிய மருந்து அந்த வைரஸுக்குப் போதவில்லை.

மருந்திடும் ஜலத்தின் கதி இதுவானால், வெயிலும் காற்றும் காலமுமே மருந்தாக உள்ள குளத்து ஜலத்தின் கதி யாது? இதனையே ஈண்டு ஆராய்வோம்.

வைரஸின் இயல்பு

மனிதரின் மலத்துடன் வெளிப்படும் வைரஸ்கள் பலவகை. இளம்பிள்ளை வாதத்தை உண்டாக்கும் போலியோ, காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ, ஈ, குழந்தைகளின் பேதிக்குக் காரணமான ரோடா, எவ்வயதினரையும் வாந்திபேதியால் வருத்தும் நோரோ, இவற்றுடன் அடினோ ஆகியவை முக்கியமானவை. போலியோ வைரஸ் முப்பதாயிரத்திற்கு மேல் வரிசையாய் வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் ஆகும். ரோடா வைரஸால் நோயுற்ற குழந்தையின் மலத்தில் ஒரு கிராமுக்கு ஆயிரம் கோடிக்கு மேலும் அவை இருக்கக்கூடும். நோயை உண்டாக்குவதற்கோ மிகச் சிலவே போதும்.

வைரஸ் தானாக உண்பதுமில்லை, சுவாசிப்பதுமில்லை, உயிருள்ள செல்லுக்கு வெளியே பெருகுவதுமில்லை. இதில் நமக்கு ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. குளத்தில் விழுந்த பிறகு இவ்வைரஸ்களின் தொகை குறையுமேயன்றிக் கூடாது என்பது நன்மை. உணவின்றிப் பட்டினியால் சாகாது என்பது தீமை. பாக்டீரியா குளத்தில் மடிவதற்குரிய காரணங்களுள் பல இதனைத் தீண்டுவதில்லை.

ஆகையால் குளத்தில் வைரஸ் குறைகிறது என்று சொல்லும்போது இரண்டு வேறு காரியங்களைப் பகுத்தறிய வேண்டும். ஒன்று நீங்குதல், அதாவது ஜலத்திலிருந்து விலகி வண்டலில் சேர்தல். மற்றொன்று செயலிழத்தல், அதாவது அதன் மேலுறையோ உள்ளிருக்கும் மரபுப் பொருளோ சிதைந்து, நோயுண்டாக்கும் ஆற்றலை அடியோடு இழத்தல். முதலாவது இடமாற்றமே. இரண்டாவதே உண்மையான ஒழிவு. வெளியேறும் ஜலத்தை மட்டும் சோதிப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

வண்டலில் படிதல்

வைரஸ் தனியே இருக்குமாயின் தன் கனத்தால் ஒருபோதும் படியாது. ஜலத்தில் மிதக்கும் அழுக்குத் துகள்களில் ஒட்டிக்கொண்டு அவற்றோடு படிந்தால்தான் உண்டு. ஒட்டுவதோ ஜலத்தின் அமில காரத் தன்மையையும், அதிலுள்ள உப்புக்களையும், வைரஸின் வகையையும் பொறுத்தது. கனத்த துகள்களில் ஒட்டியவை முதற்குளத்திலேயே அடியில் சேரும். நுண்ணிய துகள்களிலும் பாசியிலும் ஒட்டியவை ஜலத்தோடு அலைந்து வெளியே போய்விடும். ஆதலால் ஜலம் கண்ணாடிபோல் தெளிந்துவிட்டது என்பதைக் கொண்டு வைரஸ் இல்லையென்று முடிவு செய்தல் கூடாது.

படிந்தவையும் உடனே அழிவதில்லை. வண்டலுக்குள் வெயில் புகாது. துகள்களே அவற்றிற்குக் கவசமாகின்றன. அங்கே அவை மாதக்கணக்கில் நோயுண்டாக்கும் ஆற்றலோடு இருக்கக்கூடும். அடியில் உண்டாகும் வாயு குமிழிட்டு எழும்போதும், பலத்த காற்றினால் ஆழமற்ற குளம் கலங்கும்போதும், அவற்றுள் சில மீண்டும் ஜலத்திற்கு ஏறுகின்றன.

சூரிய கிரணத்தின் வேலை

வைரஸைச் செயலிழக்கச் செய்வனவற்றுள் தலையாயது சூரிய கிரணம். அது இரு வழிகளில் வேலை செய்கிறது. கண்ணுக்குப் புலனாகாத ஊதாக்கடந்த கிரணங்கள் வைரஸின் மரபுப் பொருளை நேரே தாக்கிச் சிதைப்பது ஒரு வழி. மற்றொன்று சுற்றுவழி. மக்கிய பொருள்களிலிருந்து ஜலத்தில் கரைந்து தேயிலைச் சாயம்போன்ற நிறத்தை அளிக்கும் சத்துக்கள் வெளிச்சத்தை வாங்கி, அதன் சக்தியை ஜலத்தில் கரைந்துள்ள பிராண வாயுவுக்குக் கொடுக்கின்றன. அவ்வாறு சக்தியேறிய பிராண வாயு வைரஸின் மேலுறையைத் தாக்கி அழிக்கிறது. ஆகவே பாசியால் பிராண வாயு நிறைந்த குளத்தில் இச்சுற்றுவழி நன்கு நடைபெறும்.

எல்லா வைரஸும் இரு வழிகளுக்கும் ஒருங்கே வசப்படுவதில்லை. சில சுற்றுவழிக்கு எளிதில் இரையாகும். சிலவற்றை நேர்வழியொன்றே அழிக்கும். அடினோ வைரஸின் மரபுப் பொருள் இரட்டை இழையாலானது. கிரணத்தால் ஓரிழை பழுதுபட்டாலும், அது புகுந்த செல்லே மற்றோரிழையைப் பார்த்து அப்பழுதைச் செப்பனிட்டுவிடுகிறது. அதனால் அது ஊதாக்கடந்த கிரணத்திற்கு மிகவும் தாக்குப்பிடிக்கும்.

இந்நேர்வழிக் கிரணங்கள் ஜலத்திற்குள் வெகுதூரம் செல்வதில்லை. பாசி படர்ந்து பச்சையாயுள்ள குளத்தில், வலிமை மிக்க கிரணங்கள் மேலே சில அங்குலத்திற்குள் அநேகமாய்த் தேய்ந்துவிடும். அடியிலுள்ள வைரஸுக்கு அது இரவே. அதனால்தான் கடைசிக் குளங்களை 3 முதல் 5 அடிக்கு மேல் ஆழமில்லாமல் அமைக்கிறார்கள். பாசிக்கு இங்கே இருவகைக் குணம் உண்டு என்பதைக் கவனிக்க: பிராண வாயுவைத் தந்து உதவுகிறது; நிழலைத் தந்து கெடுக்கிறது. மாரிக்காலத்தில் மேகமூட்டத்தால் கிரணம் குறைவதோடு, மழை ஜலம் கலந்து பெருக்கெடுப்பதால் குளத்தில் தங்கும் நாட்களும் குறைகின்றன.

பாக்டீரியா மடியும், வைரஸ் மடியாது

நடுப்பகலில் பாசி கரியமில வாயுவை வாங்கிக்கொள்வதால் குளத்து ஜலம் காரமாகிறது. அதன் கார அளவு 9க்கு மேல் ஏறுவதும், கூடவே வெயிலும் பிராண வாயுவும் மிகுந்திருப்பதும், குடல் பாக்டீரியாவுக்கு யமனாகும். சாதாரணமாக ஜலத்தைச் சோதிக்கும் நிலையங்களில் எண்ணப்படுவது எஷரிகியா கோலி என்னும் இந்தக் குடல் பாக்டீரியாவே. அதன் எண்ணிக்கை விரைவாக இறங்குவதைக் கண்டு திருப்தியடைகிறோம். மனிதனின் இரைப்பையிலுள்ள கடும் அமிலத்தைத் தாண்டிக் குடலுக்குள் போய்ப் பழகிய வைரஸுக்கோ இத்தகைய காரம் ஒரு பொருட்டன்று. ஆகவே ஒரே குளத்தில் பாக்டீரியா ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்திருக்க, வைரஸ் பத்தில் ஒன்றாகவே குறைந்திருத்தலும் கூடும். இது காரணமாகவே, பாக்டீரியாவைப் பற்றி வாழும் தீங்கற்ற வைரஸ்களை எண்ணிப் பார்க்கும் சோதனையையும் இப்பொழுது பல நாடுகளில் சேர்த்துச் செய்கிறார்கள். அவை மனித வைரஸ்களின் போக்கைக் கோலியைக் காட்டிலும் நன்றாக எடுத்துக் காட்டும்.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகக் கூறலாம். உஷ்ணம் மிகுந்தால் வைரஸ் விரைவில் செயலிழக்கும். குளிர்ந்த ஜலத்தில் நெடுநாள் நிலைக்கும். குளத்திலுள்ள ஓரணு ஜீவன்களும் நீர்ப்பூச்சிகளும் துகள்களோடு வைரஸையும் விழுங்குகின்றன. பாக்டீரியா சுரக்கும் சில ரசங்கள் வைரஸின் மேலுறையைக் கரைக்கின்றன. காரம் மிகுந்த நிலையில் அமோனியாவும் வைரஸைக் கெடுக்கும். ஆனால் அதன் பலம் அமோனியா செறிந்திருக்கும் வண்டலிலும் எருவிலும் தெரியும் அளவுக்குக் குளத்து ஜலத்தில் தெரியாது.

எத்தனை நாள் வேண்டும்?

வைரஸ் பத்தில் ஒரு பங்காகக் குறைவதை ஒரு படி என்று கொள்வோம். இரண்டு படியென்றால் நூற்றில் ஒன்று. ஏழு படியென்றால் கோடியில் ஒன்று. பல தேசங்களிலுள்ள குளங்களின் அளவைகளைத் திரட்டி 2015 இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியின்படி, ஒரு படி குறைவதற்குச் சராசரியாக 15 முதல் 21 நாள் வரை ஜலம் குளத்தில் தங்க வேண்டியிருக்கிறது. சில குளங்களில் 50 நாளுக்கு மேலும் ஆகியிருக்கிறது. ஒரே முறையில் அமைந்த குளங்களுக்குள்ளும் இவ்வளவு வேற்றுமை வருவதற்கு, வெயிலும் உஷ்ணமும் மாத்திரம் காரணமல்ல. குளத்தின் அமைப்பும் பெருங்காரணமாகும்.

இருபது நாள் தங்கும் குளம் என்று சொன்னால், ஒவ்வொரு சொட்டும் இருபது நாள் தங்கும் என்பதில்லை. அது சராசரிக் கணக்கே. உள்வாயும் வெளிவாயும் எதிரெதிரே நேராக இருந்தாலோ, காற்று அவ்வழியே வீசினாலோ, காலையில் நுழைந்த ஜலத்தில் ஒரு பாகம் மாலையிலேயே வெளியேறிவிடும். மூலை முடுக்குகளில் பழைய ஜலம் தேங்கிக் கிடக்கும். அவ்வாறு குறுக்குவழியில் தப்பிய ஒரு பங்கு, நன்றாய்ப் பதப்பட்ட ஒன்பது பங்கையும் கெடுத்துவிடும்.

இதற்குப் பரிகாரம், ஒரே பெருங்குளத்தைப் பகுத்துத் தொடர்குளங்களாக்குவது. முற்றிலும் கலங்கும் ஒரு குளத்திற்குப் பொறியாளர் கையாளும் எளிய கணக்கு ஒன்றுண்டு: ஜலம் தங்கும் நாட்களை வைரஸ் குறையும் வேகத்தால் பெருக்கி, அதனுடன் ஒன்றைக் கூட்டினால், எத்தனையில் ஒரு பங்கு மிஞ்சும் என்பது கிடைக்கும். உதாரணமாக அவ்வேகத்தை நாளொன்றுக்கு 0.5 என்று வைத்துக்கொள்வோம். 20 நாள் தங்கும் ஒரே குளமானால் 11 இல் ஒரு பங்கு மிஞ்சும். அதே பரப்பையும் அதே ஜலத்தையும் 5 நாள் வீதம் நான்கு குளங்களாக்கினால், ஒவ்வொன்றிலும் மூன்றரையில் ஒரு பங்கு மிஞ்ச, நான்கையும் கடந்தபின் 150 இல் ஒரு பங்கே மிஞ்சும். கூடுதலான நிலம் ஒரு சென்ட்டும் வேண்டாம். நடுவில் மூன்று கரைகள் போட்ட செலவுதான். கரை போட வசதியில்லாத இடத்தில், ஜலம் வளைந்து வளைந்து செல்லுமாறு தடுப்புச் சுவர்களையாவது அமைக்கலாம். விலையுயர்ந்த இயந்திரங்களைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர் ஊராட்சியினரும் நகரசபையினரும் இதனைச் செய்து பார்ப்பது உசிதம் என்பது நமது அபிப்பிராயம்.

வெரிபீ பண்ணையின் அனுபவம்

இவை யாவும் ஒருங்கே விளங்குமாறு, ஆஸ்திரேலியாவிலுள்ள மெல்போர்ன் நகரத்தாரின் அனுபவத்தைக் காண்போம். அந்நகருக்குத் தென்மேற்கே கடலோரத்தில் வெரிபீ என்னுமிடத்தில் ஒரு பெரும் சாக்கடைப் பண்ணையை அவர்கள் ஏற்படுத்தினர். 1897 இல் முதல் வீடுகள் அதனுடன் இணைக்கப்பட்டன. சாக்கடை ஜலத்தைப் புல்நிலத்தில் பாய்ச்சி, அந்தப் புல்லில் மாடுகளையும் ஆடுகளையும் மேய்த்தனர். 1930களில் குளமுறையும் சேர்ந்தது. நிலத்தில் பாய்ச்சும் பழைய முறைகள் படிப்படியாகக் கைவிடப்பட்டு, 2004 ஆம் வருஷத்துச் சீர்திருத்தத்திற்குப் பின் குளமுறையே நிலைத்தது. 10,000 ஹெக்டேருக்கு மேல் பரந்த அவ்விடம் மெல்போர்ன் நகரின் சாக்கடை ஜலத்தில் ஏறக்குறையப் பாதியைப் பெறுகிறது. அங்கே கூடும் நீர்ப்பறவைகளைக் காண்பதற்கென்றே அயலூரார் வருகிறார்கள் என்றால் அதன் சிறப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

அங்கே ஜலம் தொடர்ந்த பல குளங்களின் வழியே ஏறக்குறைய ஒரு மாதம் செல்லுகிறது. முதலிலுள்ள ஆழமான குளத்தின்மேல் விரிப்புப் போட்டு மூடி, அதில் எழும் வாயுவைச் சேர்த்து மின்சாரம் எடுக்கிறார்கள். நடுவில் இயந்திரங்களால் காற்றூட்டுவதும் உண்டு. கடைசியில் வருவன வெளிச்சமும் காற்றும் படும் திறந்த குளங்கள்.

இவ்வளவு இருந்தும், அருகிலுள்ள காய்கறித் தோட்டங்களுக்குக் குளத்து ஜலத்தை அப்படியே விடுவதில்லை. அத்தோட்டங்களில் இலைக்கோசு, பூக்கோசு முதலியன விளைகின்றன. அவற்றுள் சில பச்சையாகவே உண்ணப்படுபவை. வறட்சி மிகுந்திருந்த 2005 இல் அவற்றிற்குச் சுத்திகரித்த ஜலம் அளிக்கத் தொடங்கியபோது, ஊதாக்கடந்த கிரணம் வீசும் விளக்குகளின் வழியே செலுத்தி, அதன்மேல் குளோரினும் சேர்த்த பின்னரே விட்டனர். அந்த மாகாணத்தின் முதல்தர மறுபயன் ஜலத்திற்கு வைரஸ் ஏழு படி குறைந்திருக்க வேண்டும் என்பது விதி. மேலே கூறிய பொதுக் கணக்கின்படி, ஒரு மாதக் குளவாசம் மட்டும் தரக்கூடியது ஒன்றரை முதல் இரண்டு படியே.

விளக்கு, குளோரின் ஆகிய இரண்டும் எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்கலாம். அடினோ வைரஸ் கிரணத்திற்கு அடங்காதென்று முன்னே கண்டோம். அது குளோரினுக்கு எளிதில் அடங்கும். கிரிப்டோஸ்போரிடியம் என்னும் பேதிக் கிருமியோ குளோரினுக்கு அடங்காது, கிரணத்திற்கு அடங்கும். ஒன்றின் கண் தப்பியதை மற்றொன்று பிடிக்கிறது. டில்லியில் நேர்ந்ததுபோல் அழுக்கு மிகுந்த ஜலத்தில் குளோரின் வீணாய்ப் போய்விடாமல், குளங்கள் முன்னதாகவே அழுக்கைக் குறைத்துக் கொடுக்கின்றன என்பதும் கவனிக்கத்தக்கது.

விவசாயி செய்யக்கூடியவை

விளக்கும் குளோரினும் எல்லா ஊர்களுக்கும் கைகூடுவன அல்ல. உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2006 இல் வெளியிட்ட வழிகாட்டி இதற்கு ஒரு மார்க்கம் சொல்லுகிறது. பச்சையாக உண்ணும் இலைப்பயிருக்கு ஆறு படியும், கிழங்கு வகைக்கு ஏழு படியும் கிருமிகள் குறைய வேண்டும். ஆனால் அவ்வளவும் குளத்திலேயே குறைய வேண்டும் என்பதில்லை. வயலிலும், சந்தையிலும், சமையலறையிலும் குறைவதையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளலாம். சொட்டுநீர்ப் பாசனத்தால் தரையோடு வளரும் பயிருக்கு இரண்டு படியும், தரைக்கு மேல் உயர்ந்து காய்க்கும் பயிருக்கு நான்கு படியும் கிட்டும். கடைசிப் பாய்ச்சலுக்கும் உண்பதற்கும் இடையே விடும் ஒவ்வொரு நாளும், வெயிலைப் பொறுத்து அரை முதல் இரண்டு படி தரும். நல்ல ஜலத்தில் கழுவினால் ஒரு படி; தோலைச் சீவினால் இரண்டு படி. நன்றாய்ச் சமைத்தால் ஆறு ஏழு படி குறைந்துவிடும்.

இக்கணக்கைக் கொண்டு ஒவ்வொருவரும் தம் பயிருக்கு எவ்வளவு குறைவு இருக்கிறதென்று பார்த்துக்கொள்ளலாம். இரண்டு படி தரும் குளத்து ஜலத்தைத் தக்காளிக்குச் சொட்டுச் சொட்டாகப் பாய்ச்சினால் ஆறு படியும் நிறைகின்றன. அதே ஜலத்தைக் கொத்தமல்லிப் பாத்தியில் வாளியால் தெளித்து, மறுநாட் காலையில் பறித்துச் சந்தைக்குக் கொண்டுபோனால், கழுவியபின்னும் ஐந்து படிக்கு மேல் கிட்டுவது அரிது. வானம் மூடிய நாளானால் நான்குகூடக் கிட்டாது. அவ்வாறான இலைகளை வளர்ப்போர், பறிப்பதற்கு மூன்று நான்கு நாள் முன்னதாகக் குளத்து ஜலத்தை நிறுத்திவிட்டு, இடையில் வேண்டியதற்குக் கிணற்று ஜலத்தைப் பாய்ச்சுதல் நலம். பறித்த கட்டுகளை அதே வாய்க்காலில் முக்கிப் பசுமையாக்கிக் கொண்டுபோகும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வெயில் செய்த வேலையெல்லாம் அந்த ஒரு முக்கில் வீணாகும். பருத்தி, தீவனப்புல், மரப்பயிர்கள் ஆகியவற்றிற்கு இவ்வளவு கட்டுப்பாடு வேண்டியதில்லை. ஆனால் பாய்ச்சும் ஆட்கள் காலுக்குச் செருப்பணிந்து, உண்பதற்கு முன் சோப்பினால் கை கழுவிக்கொள்ள வேண்டும்.

இறுதியாக வண்டலைப் பற்றி ஒரு வார்த்தை. சில வருஷங்களுக்கு ஒருமுறை முதற்குளத்தைத் தூர்வாரும்போது வெளிவரும் வண்டல் நல்ல எருவாகையால், விவசாயிகள் வண்டி வண்டியாகக் கேட்டு வாங்குகிறார்கள். குளத்து ஜலத்திலிருந்து நீங்கிய வைரஸ்களும் புழு முட்டைகளும் அதிலேயே இருக்கின்றன. ஆகவே வாரியவுடன் வயலில் இடாமல், வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் எட்ட, மழை ஜலம் அடித்துக்கொண்டு போகாத மேட்டில் குவித்து, நம்முடையது போன்ற உஷ்ணப் பிரதேசங்களில் ஒரு வருஷத்திற்குக் குறையாமல் வைத்திருந்து, அதன்பின் இட வேண்டும். அந்த ஒரு வருஷத்திற்குள் புது வண்டலைப் பழைய குவியலின்மேல் கொட்டினால், கணக்கு அன்றைய தினத்திலிருந்து புதிதாகத் தொடங்கும். ஆகையால் ஒவ்வொரு வருஷத்து வண்டலையும் தனித்தனியே குவித்து, குவித்த தேதியை ஒரு பலகையில் எழுதி நட்டு வைக்கவும்.